மின்சாரம் நின்றாலும் கெடாத சிறு கணினி

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்வோர்க்கு மாலை நேரத்து இடிமழை புதியதன்று. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மின்னல் வெட்டியதும் மின்சாரம் நின்றுவிடுவதும், சிறிது நேரம் சென்று மீண்டும் வருவதும் உண்டு. விளக்கும் விசிறியும் முன்போலவே இயங்கத் தொடங்கிவிடும். கணினியின் நிலை அவ்வாறன்று. அது எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால், மறுபடியும் இயங்காமலே போகலாம். இத்தொல்லையை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் இங்குக் குறிப்பிடுவது ஒற்றைப் பலகைக் கணினி. கணினியின் உறுப்புகள் அனைத்தும் உள்ளங்கையளவுள்ள ஒரே பலகையில் அமைந்திருப்பதால் இப்பெயர் வந்தது. இவ்வகையில் பெயர் பெற்றது ராஸ்பெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், மாணவர்கள் கணினிக் கல்வி பெறவேண்டும் என்னும் எண்ணத்துடன் உருவாக்கப்பட்ட இது, 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அன்று அதன் விலை 35 அமெரிக்க டாலர். கோயிலில் பக்திப் பாடல் ஒலிக்கச் செய்யவும், மண்டபத்தில் அறிவிப்புத் திரை காட்டவும், மழையளவைக் குறித்து வைக்கவும் இச்சிறு கருவி போதுமானது.

பினாங்கு மாநில மக்களுக்கு மின்னியல் தொழில் அந்நியமானதன்று. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரம் தோன்றியது முதல், தீவிலும், பட்டர்வொர்த்தை அடுத்த பிறையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பணியாளர் ஆயினர். எனவே, இக்கருவியின் உட்பொருளை அறிவது நமக்குக் கடினமன்று.

சிறு கணினி தன் இயக்க முறைமையையும் கோப்புகளையும் நகத்தளவுள்ள ஒரு நினைவட்டையில் வைத்திருக்கிறது. இவ்வட்டை ஃபிளாஷ் நினைவக முறையில் அமைந்தது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் இம்முறையை உருவாக்கினார். இதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மீது நேரடியாக மறுபடி எழுத இயலாது. நுண்ணறைகளின் தொகுதி ஒன்றை முழுமையாக அழித்த பிறகே அங்குப் புதிதாக எழுத முடியும். அதற்காக அட்டை, அத்தொகுதியில் உள்ள பிற செய்திகளையும் வேறிடத்திற்கு மாற்றுகிறது. அந்த நொடியில் மின்சாரம் நின்றால், எழுதப்பட்ட கோப்பு மட்டுமன்றி, அதற்குத் தொடர்பில்லாத கோப்புகளும் சிதைந்துவிடலாம்.

மற்றொரு குறையும் உண்டு. பால் வெட்டும்போது ஒவ்வொரு வெட்டும் பட்டையில் சிறிதளவைச் செலவழிக்கிறது. அதுபோலவே, ஒவ்வோர் அழிப்பும் எழுத்தும் அட்டையின் ஆயுளைக் குறைக்கிறது. மரத்தின் பட்டை மீண்டும் வளரும். அட்டையின் நுண்ணறைகளோ வளர்வதில்லை.

"நாங்கள் எதையும் எழுதுவதில்லையே, பாடல்தானே கேட்கிறோம்?" எனச் சிலர் கேட்கக்கூடும். நாம் எழுதாவிடினும் கணினி எழுதிக்கொண்டே இருக்கிறது. தான் செய்த பல செயல்களை நிகழ்வுக் குறிப்பேட்டில் பதிகிறது. தற்காலிகக் கோப்புகளை உண்டாக்குகிறது. ஆதலின் மின்சாரம் எப்பொழுது நின்றாலும் ஆபத்து உண்டு. மேலும், 2023ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு முந்திய ராஸ்பெரி பை பலகைகளில் நிறுத்துவதற்கெனப் பொத்தானே இல்லை. செருகியைப் பிடுங்கி நிறுத்தும் பழக்கமும் மின்தடைக்கு ஒப்பானதே.

இதற்குரிய பரிகாரம், அட்டையைப் படிக்க மட்டுமே உரியதாக ஆக்குவதாகும். லினக்ஸ் இயக்க முறைமையில் மேற்போர்வைக் கோப்பமைப்பு என்னும் வசதி உண்டு. அதை இயக்கினால், அட்டை அடித்தளமாக அசையாதிருக்கும். கணினி எழுத விரும்புவதெல்லாம் அதன் மேல் போர்த்தப்பட்ட தற்காலிக நினைவகத்தில் எழுதப்படும். மின்சாரம் நின்றதும் அப்போர்வை மறைந்துவிடும். அடித்தளம் முன்பிருந்தவாறே இருக்கும். கொட்டில் இருக்கும் பாலை மழை அடித்துச் சென்றாலும் மரம் நிற்கிறதன்றோ? அதுபோல அன்றைய எழுத்து மட்டுமே அழியும், கணினி நிலைத்திருக்கும்.

செய்முறை எளியது. முதலில், வேண்டிய செயலிகள் அனைத்தையும் நிறுவி, கணினியை முறைப்படி நிறுத்தி, அட்டையின் படியொன்றை வேறோர் அட்டையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் கணினியை இயக்கி, ஆணை எழுதும் சாளரத்தில் 'சூடோ ராஸ்பி-கான்ஃபிக்' என்னும் ஆணையை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். தோன்றும் பட்டியலில் 'பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ்' என்னும் பகுதியில் 'ஓவர்லே ஃபைல் சிஸ்டம்' என்பதைத் தேர்ந்து இசைவு தர வேண்டும். தொடக்கப் பகுதியையும் எழுத இயலாதவாறு காக்கலாமா எனக் கேட்கும்; அதற்கும் இசைவு தரலாம். பிறகு கணினியை மீண்டும் தொடங்க வேண்டும்.

சோதனை செய்யாமல் எதையும் நம்புதல் கூடாது. சிறு கோப்பு ஒன்றை எழுதி, கணினியை மறுபடியும் தொடங்கிப் பாருங்கள். அக்கோப்பு காணாமற் போயிருந்தால் காப்பு ஏற்பட்டுவிட்டது என்பது பொருள்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கணினி இனி எதையும் நினைவில் வைக்காது. மழையளவுக் கணக்கும், பிள்ளைகள் எழுதிய பாடமும் மறைந்துபோகும். ஆகவே, காக்க வேண்டியவற்றைத் தனியாக ஒரு யூஎஸ்பி நினைவுத் துண்டில் எழுதுமாறு அமைக்க வேண்டும். அத்துண்டு பழுதுற்றாலும் கணினி தொடர்ந்து இயங்குமாறு அமைத்துக்கொள்ளலாம். சில பதிப்புகளில் அத்துண்டும் போர்வைக்குள் அகப்பட்டுவிடுவதால், அதனையும் மேற்கூறியவாறு சோதித்துப் பார்த்தல் நன்று.

கடிகாரத்தையும் கருத வேண்டும். ஐந்தாம் தலைமுறைக்கு முந்திய ராஸ்பெரி பை பலகைகள் மின்கலக் கடிகாரத்துடன் வருவதில்லை. இணையத் தொடர்பு கிட்டும் வரை அவை பழைய தேதியையே காட்டும். இணையம் இல்லாத இடத்தில் கணக்கு எழுதுவோர், மின்கலத்துடன் கூடிய சிறு கடிகாரப் பலகையை இணைத்துக்கொள்ள வேண்டும். மேலும், தற்காலிக நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி திணறும். எனவே, அதனை அவ்வப்போது மீண்டும் தொடங்குதல் நலம்.

பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்க்க விரும்பினால், போர்வையை நீக்கிக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். தொடக்கப் பகுதியின் காப்பையும் அதன் பின்னரே நீக்க முடியும். திருத்தம் முடிந்ததும் இரண்டையும் மறவாமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இம்முறை மின்னலிலிருந்து கருவியைக் காக்கும் என எண்ணிவிடலாகாது. மின்கம்பி வழியே பாயும் மிகை மின்னழுத்தம் பலகையையே எரித்துவிடும். வானம் இருண்டதும் செருகியைக் கழற்றி வைப்பதே அதற்கு வழி. படிக்க மட்டுமேயான அட்டையைக் கொண்ட கணினியில் அவ்வாறு கழற்றுவதாலும் அட்டைக்குக் கேடு விளையாது.

தோட்ட இளைஞர்கள் ஒரு மாலைப் பொழுதில் இவ்வேலையை முடித்துவிடலாம். தொடங்குமுன், எவற்றைக் காக்க வேண்டும், எவை அழிந்தாலும் தாழ்வில்லை என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அது தெளிவாகிவிட்டால், அட்டை கெட்டதென்று அடிக்கடி புதியது வாங்கும் செலவும் குறையும். பிள்ளைகளின் பாடமும் காக்கப்படும்.