உலர் துறைமுகமும் மொம்பாசா நகரும்

துறைமுகம் என்றதும் அலைகடலும் கப்பல்களுமே நம் மனக்கண்முன் தோன்றும். கடலினின்று பன்னூறு மைல் விலகிய துறைமுகங்களும் உள. கப்பலினின்று இறங்கிய கொள்கலன்களைத் துறையிலே தேங்கவிடாது புகையிரத மூலம் உள்நாட்டு நிலையமொன்றுக்குக் கொண்டுசென்று, சுங்கச் சோதனை, தீர்வை செலுத்தல் முதலிய கருமங்களை அங்கே முடிப்பர். அந்நிலையமே உலர் துறைமுகம் எனப்படும். ஒரு துறையின் ஆற்றல் பாரந்தூக்கிகளின் தொகையால் மட்டும் அமைவதன்று. இறங்கிய பண்டம் எத்துணை விரைவில் அவ்விடம் விட்டு அகலுகின்றது என்பதாலும் அமையும்.

கென்யாவின் பெருந்துறையாகிய மொம்பாசா இதற்குத் தக்க சான்றாகும். தீவிலமைந்த அந்நகரில் இடம் குறைவு. உகண்டா, ருவாண்டா முதலிய கடலில்லா நாடுகளின் பண்டங்களும் அதன் வழியே செல்கின்றன. 1984இல் நைரோபியின் எம்பகாசிப் பகுதியில் உலர் துறைமுகம் நிறுவப்பட்டது. எனினும் பழைய புகையிரதப் பாதை நலிவுற்றமையால், பெரும்பாலான பண்டங்கள் லொறிகளிலேயே சென்றன. 2017இல் புதிய பாதை திறக்கப்பட்டது. நிலையத்தின் ஆண்டுக் கொள்ளளவும் 180,000 இருபதடிக் கொள்கலன்களிலிருந்து 450,000 ஆக உயர்த்தப்பட்டது.

நெரிசல் நீங்கியதா? 2018இல் அது நைரோபிக்கு இடம்பெயர்ந்தது. புகையிரதம் கொணர்ந்த வேகத்திற்கு ஈடாகப் பண்டங்களை விடுவிக்க இயலவில்லை. நிலையத்திலிருந்து பண்டசாலைவரை லொறிக் கூலியும் தனியே செலுத்தவேண்டியிருந்தது. 2019 ஓகத்தில், உள்நாட்டுக்குரிய இறக்குமதிகள் யாவும் புகையிரதத்திலேயே செல்லவேண்டுமென அரசு பணித்தது. லொறிச் சாரதிகள், சுங்க முகவர்கள், பண்டசாலைத் தொழிலாளர், நெடுஞ்சாலையோரச் சிற்றுண்டிச் சாலையினர் ஆகியோரின் பிழைப்புக்கு இடர் நேர்ந்தது. மொம்பாசா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஒக்ரோபரில் அப்பணிப்பு இடைநிறுத்தப்பட்டது. 2022இல் பதவியேற்ற புதிய சனாதிபதி, பண்டம் விடுவிக்கும் கருமங்கள் மொம்பாசாவுக்கே மீளுமென அறிவித்தார்.

அமெரிக்காவின் சார்ள்ஸ்ரன் துறையினின்று 212 மைல் உள்ளே, கிரீர் என்னும் ஊரில் 2013இல் திறக்கப்பட்ட உலர் துறைமுகமோ கட்டாயமின்றியே வளர்ந்தது. அயலில் பெரிய மோட்டார்த் தொழிற்சாலை இருந்தது. புகையிரதம் ஓரிரவிற் சென்றடைந்தது. ஆதலின் வணிகர் தாமே அதனை நாடினர்.

இவற்றால் பெறப்படுவது யாது? தண்டவாளம், விரைவான சுங்கம், இறுதிச் சில மைல்களுக்கான ஒழுங்கு ஆகிய மூன்றும் ஒருங்கிணையாவிடின் உலர் துறைமுகம் நெரிசலை இடம்மாற்றுமேயன்றி நீக்காது. அன்றியும், பண்டம் செல்லும் வழியை மாற்றுவோர் அவ்வழியிற் பிழைப்போரையும் எண்ணுதல் வேண்டும்.