மூடிய ஈய-அமில மின்கலங்களின் இருப்புக் காலம்

மூடிய ஈய-அமில மின்கலம் ஒன்று பயன்படுத்தப்படாமல் வைக்கப்பட்டிருக்கும்போது, மறு மின்னேற்றம் இன்றிக் கெடாமல் இருக்கக்கூடிய கால அளவு அதன் இருப்புக் காலம் எனப்படுகின்றது. பேச்சு வழக்கில் பேட்டரி எனப்படும் இம்மின்கலங்கள் யூ.பி.எஸ், எமர்ஜென்சி விளக்கு, திருட்டு எச்சரிக்கைக் கருவி முதலியவற்றில் பயன்படுகின்றன. இருப்புக் காலம், மின்கலம் வைக்கப்பட்டுள்ள இடத்தின் வெப்பநிலையைப் பெரிதும் சார்ந்தது. ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில், 25 பாகை செல்சியசுக்கு எனக் குறிக்கப்படும் கால அளவை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

அமைப்பு

ஈய-அமில மின்கலத்தை 1859-இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாண்டே உருவாக்கினார். இதில் நேர்மின் தகடு ஈய டை-ஆக்சைடாலும், எதிர்மின் தகடு ஈயத்தாலும் ஆனவை. நீர்த்த கந்தக அமிலம் மின்பகுளியாகும். மூடிய வகையில் அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சப்பட்டோ, கூழ்ம நிலையிலோ இருக்கும். இதற்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. 12 வோல்ட் மின்கலத்தில் 6 கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன.

தன்மின்னிறக்கம்

எந்தக் கருவியுடனும் இணைக்கப்படாத நிலையிலும் மின்கலத்தினுள் வேதிவினைகள் மெதுவாக நடைபெற்று, சேமிக்கப்பட்ட ஆற்றல் குறைகின்றது. இது தன்மின்னிறக்கம் எனப்படும். 25 பாகையில் இது மாதத்திற்கு ஏறத்தாழ 3 விழுக்காடு ஆகும். வெப்பநிலை 10 பாகை உயரும்போது இவ்வேகம் ஏறக்குறைய இரு மடங்காகின்றது. எனவே ஆறு மாதங்களில் 25 பாகையில் சுமார் 18 விழுக்காடும், 35 பாகையில் சுமார் 36 விழுக்காடும் இழப்பு ஏற்படும்.

சல்பேட்டுப் படிவு

மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டு உண்டாகின்றது. உடனே மின்னேற்றம் செய்தால் இது மீண்டும் ஈயமாகவும் ஈய டை-ஆக்சைடாகவும் மாறிவிடும். பல வாரங்கள் அப்படியே விடப்பட்டால் பெரிய, கடினமான படிகங்களாக வளர்ந்துவிடும். இப்படிகங்கள் எளிதில் கரைவதில்லை. மின்கலத்தின் கொள்ளளவு நிலையாகக் குறைந்துவிடுகின்றது. இழந்த மின்னூட்டத்தை மீட்கலாம், இழந்த கொள்ளளவை மீட்பது கடினம்.

மறு மின்னேற்ற இடைவெளி

சேமிப்பில் உள்ள மின்கலங்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் இடைவெளிகள் பின்வருமாறு:

* 20 பாகைக்குக் கீழ் - 9 மாதங்களுக்கு ஒரு முறை
* 20 முதல் 30 பாகை வரை - 6 மாதங்களுக்கு ஒரு முறை
* 30 முதல் 40 பாகை வரை - 3 மாதங்களுக்கு ஒரு முறை

சென்னைப் பகுதியில் கோடையில் மூன்றாவது அளவையே பின்பற்ற வேண்டும்.

சென்னைச் சூழலில்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயன்பட்ட எமர்ஜென்சி விளக்கு, மழை ஓய்ந்ததும் பாதி மின்னிறங்கிய நிலையிலேயே பரணில் வைக்கப்படுவதுண்டு. கான்கிரீட்டுக் கூரையின் கீழுள்ள பரண், கோடையில் வீட்டின் வெப்பமான இடங்களுள் ஒன்றாகும். அடுத்த புயலின்போது அவ்விளக்கு எரியாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும். 2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது பல புறநகர்ப் பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. இத்தகைய நாட்களுக்காகவே அவ்விளக்குகள் வாங்கப்படுகின்றன.

2020 மார்ச்சு 25 அன்று தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு மற்றொரு எடுத்துக்காட்டாகும். அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் அலுவலகங்கள் கோடைக் காலத்தில் மூடிக்கிடந்தன. முதன்மை மின்சாரம் நிறுத்தப்பட்டு, மின்கலம் மட்டும் யூ.பி.எஸ் கருவியுடன் இணைந்திருந்தால், கருவியின் மின்சுற்று அதைத் தொடர்ந்து வடியச் செய்யும். அந்நிலையில் தன்மின்னிறக்கத்திற்குரிய மாதக் கணக்கு பொருந்தாது. சில நாட்களில் அல்லது வாரங்களில் மின்கலம் முற்றிலும் இறங்கிவிடக்கூடும்.

சேமிக்கும் முறை

* முழுமையாக மின்னேற்றம் செய்த பின்னரே எடுத்து வைக்க வேண்டும்.
* கருவியிலிருந்து இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.
* வெயில் படாத, காற்றோட்டமுள்ள, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.
* மின்முனைகள் ஒன்றையொன்றோ, வேறு உலோகப் பொருள்களையோ தொடாதவாறு காக்க வேண்டும்.
* மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அவ்வப்போது அளக்க வேண்டும். 12 வோல்ட் மின்கலம் முழு மின்னேற்றத்தில், சில மணி நேர ஓய்வுக்குப் பின், சுமார் 12.8 வோல்ட் காட்டும். 12.5 வோல்ட்டுக்குக் குறைந்தால் மின்னேற்றம் தேவை.
* புதிதாக வாங்கும்போது தயாரிப்பு நாளைப் பார்ப்பதும், மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பதும் நன்று. கடையில் இருந்த காலமும் இருப்புக் காலத்தில் அடங்கும்.

தவறான கருத்து

மின்கலத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கையாகும். பழைய மரப்பெட்டி மின்கலங்களில் ஈரத்தினால் கசிவு ஏற்பட்டிருக்கலாம். இன்றைய நெகிழி உறை மின்கடத்தாப் பொருள் ஆதலால் இது பொருந்தாது.

பயனற்ற மின்கலங்கள்

ஈயம் நச்சுத்தன்மை உடையது. குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது. கெட்ட மின்கலத்தை உடைப்பதோ, குப்பையில் எறிவதோ கூடாது. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் மின்கல விதிகளுக்கு மாற்றாக மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களைச் சாரும். புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே ஒப்படைத்துவிடலாம்.