கருவிழி வளையப் பதியம்

கருவிழி வளையப் பதியம் என்பது கிட்டப்பார்வையைச் சரிசெய்வதற்காகக் கருவிழியின் திசுவுக்குள் இரண்டு மெல்லிய நெகிழி வில்களைச் செருகும் அறுவை மருத்துவம் ஆகும். கருவிழி என்று இங்கே குறிப்பிடுவது கண்ணின் முன்புறமுள்ள கார்னியா என்னும் ஒளிபுகும் படலத்தை. விழிவெண்படலம் என்றும் இதனை எழுதுவர்.

செயற்படும் முறை

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கருவிழியே செய்கிறது. கிட்டப்பார்வையில் பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுந்துவிடுகிறது. கருவிழியின் நடுப்பகுதி சற்றுத் தட்டையானால் பிம்பம் பின்னோக்கி நகர்ந்து விழித்திரையில் விழும். லேசிக் முறையில் நடுப்பகுதித் திசுவைச் சீவி எடுத்து இதைச் செய்கிறார்கள். வளைய முறையில் எதையும் எடுப்பதில்லை. கூடாரத் துணியின் ஓரத்தில் அடியில் ஒரு கழியைச் செருகினால் நடுத்துணி இழுபட்டு விறைப்பாகும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உடையது. ஓரப்பகுதியில், தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் கருவி கொண்டோ லேசர் கொண்டோ வட்டச் சுரங்கம் அமைத்து வில்களை நுழைப்பர். தடித்த வில் கூடுதலாகத் தட்டையாக்கும். வேண்டாமென்றால் வெளியே எடுத்துவிடலாம். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிதல், தொற்று, வில் இடம்பெயர்தல் ஆகியவை இதன் தொல்லைகள்.

பயன்பாடு மாறியது

அமெரிக்காவில் இன்டாக்ஸ் என்னும் வளையத்துக்கு 1999-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது −1 முதல் −3 டயாப்டர் வரையிலான குறைந்த கிட்டப்பார்வைக்கு மட்டுமே உரியது. கூடுதல் எண்ணையும் சிலிண்டரையும் சேர்த்தே திருத்தும் லேசிக்கின் முன் அது நிற்கவில்லை.

அதற்கு உண்மையான இடம் கூம்புவிழி நோயில்தான் கிடைத்தது. இந்நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும். திசுவைச் சீவும் லேசிக் இவர்களுக்கு ஆபத்தானது. பிரான்சின் ஜோசஃப் கோலின் 1990-களின் இறுதியில் வளையங்களை இவர்களுக்குப் பொருத்தினார். வளையம் வடிவத்தைச் சீராக்குமே தவிர நோய் வளர்வதை நிறுத்தாது. அதற்கு ரைபோஃப்ளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் கொண்ட குறுக்குப்பிணைப்புச் சிகிச்சை தேவை. கூம்புவிழி பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. கண்ணை அடிக்கடி கசக்கும் பிள்ளைக்குச் சிலிண்டர் எண் ஏறிக்கொண்டே போனால், புதுக்கண்ணாடியோடு நிறுத்தாமல் கருவிழி வரைபடச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

நெகிழிக்கு மாற்றாக, தானமாகப் பெற்ற கருவிழியிலிருந்து வெட்டிய வில்களைப் பதிக்கும் முறையைச் சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர் சூசன் ஜேக்கப் உருவாக்கினார். இதன் முடிவுகள் 2018-இல் வெளியாயின.