மலை ஏரிப் படகுக்கு எந்த மோட்டார்?

கடலூர் முகத்துவாரத்தில் ஒரே இழுப்பில் உறுமிக் கிளம்பிய 10 எச்.பி. பெட்ரோல் மோட்டாரை லாரியில் ஏற்றி, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு ஏரியில் இறக்கினால், அது அதே மோட்டாராக இருக்காது. புகை கறுக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். படகு தயங்கித் தயங்கி நகரும். விற்றவர் ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். ஆனால் காரணம் மலைக்காற்று.

சேர்வராயன் மலையில் இந்த ஏரி 4,000 அடிக்கு மேல் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று லேசாகும். சாதாரண பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். அந்தக் கணக்கில் ஏற்காட்டில் எட்டில் ஒரு பங்காவது போய்விடுகிறது, 10 எச்.பி. மோட்டார் ஒன்பதைத் தொடாது. கார்புரேட்டர் உள்ள மோட்டாருக்குத் தொல்லை இரட்டிப்பு. காற்று குறைந்தாலும் அது ஏறக்குறைய பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். எரியாத மிச்சம்தான் கரியாகப் படிகிறது. பெட்ரோலை விடும் ஜெட்டைச் சிறிய துளையுள்ளதாக மாற்றினால் சரியாகும். எலெக்ட்ரானிக் முறையில் எரிபொருள் செலுத்தும் மோட்டாரில் சென்சாரே அளவைத் திருத்திக்கொள்ளும். ப்ரொப்பெல்லரையும் பார்க்க வேண்டும்: பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) ஓர் அங்குலம் குறைந்ததைப் போட்டால் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 200 கூடி, மூச்சுத் திணறல் குறையும்.

அப்படியானால் பெரிய மோட்டாராக வாங்கிவிடலாமே? பழைய மோட்டாரை மாற்றும்போது பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேக எல்லையை வகுத்துவிடுகிறது. நீரில் படியும் நீளம் 16 அடி என்றால் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் பின்பக்கம் அமிழ்ந்து அலை பெருகும். கூடவே பெட்ரோல் செலவும். நீர்மேல் எழும்பிச் சறுக்கும் தட்டை அடிப் படகுகளுக்கு இந்த எல்லை பொருந்தாது, ஆனால் குடும்பத்தோடு கரையோரம் சுற்றிவரும் சவாரிக்கு அந்தப் பாய்ச்சல் எதற்கு? படகு கட்டியவர் குறித்த உச்ச எச்.பி.யைத் தாண்டுவது ஆபத்தும்கூட. மோட்டாரைப் பொருத்தும் பின்பலகை தாங்காது.

பெட்ரோல் எஞ்சின் வகையில் தயக்கமே வேண்டாம். பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் எடை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றினால் போதும். ஆனால் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக், குடித்த பெட்ரோலில் கால் பங்குக்கும் மேல் எரியாமலே தண்ணீருக்குள் கக்கிவிடக்கூடியது. 6,000 அடிக்கு மேல் இருக்கும் அமெரிக்காவின் தாஹோ ஏரியில் இத்தகைய மோட்டார்களுக்கு 1999 ஜூனிலேயே தடை வந்துவிட்டது. தாஹோவோடு ஒப்பிட்டால் ஏற்காடு ஏரி ஒரு குட்டை. இங்கே விழும் ஒவ்வொரு சொட்டு எண்ணெயும் தங்கிவிடும். பெட்ரோல்தான் வேண்டுமென்றால் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குவதே நியாயம். எடை 10 கிலோவுக்கு மேல் கூடலாம். அந்தப் பாரம் முழுக்கப் பின்பலகையில்தான் இறங்கும்.

மலை ஏரிக்குப் பொருத்தமானது மின்மோட்டார் என்பது இந்தக் கணக்குகளை எல்லாம் பார்த்தாலே புரியும். அதற்குக் காற்றே வேண்டாம். கடற்கரையில் என்ன திறனோ அதேதான் சேர்வராயன் உச்சியிலும். இது புதிய சோதனையும் அல்ல. ஜெர்மனியின் மலை ஏரியான கோனிக்ஸேயில் 1909 முதல் பயணிகள் படகுகள் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 75 பேரை ஏற்றும் சூரிய ஒளிப் படகு ‘ஆதித்யா’ 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது.

மின்மோட்டாரில் கவலையெல்லாம் பேட்டரியைப் பற்றித்தான். நான்கு பேர் அமரும் சிறு படகை நிதானமாக நகர்த்த 600 வாட் மோட்டார் போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், முழு வேகத்தில் ஒரு மணி நேரம், அதாவது இரண்டு அரை மணிச் சவாரி கிடைக்கும். லித்தியம் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும், எடையும் பாதிக்குக் குறைவு. விலைதான் கடிக்கிறது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு, கரையில் சார்ஜ் ஏறிய மாற்று பேட்டரிகள் வரிசையாக இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் முதலில் அளவு நாடாவை எடுக்க வேண்டும். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து நடு அடிப்பாகம் வரை 15 அங்குலமா, 20 அங்குலமா? மோட்டாரின் தண்டு அதற்கு ஒத்துப்போக வேண்டும். குட்டையானால் ப்ரொப்பெல்லர் காற்றைக் குடிக்கும். நீளமானால் ஆழமில்லாத கரையில் சேற்றில் உரசும்.

கடற்கரையில் ஓடிய பழைய மோட்டார் மலிவாகக் கிடைத்தால், குளிர்நீர் செல்லும் வழியில் உப்பு அடைத்திருக்கிறதா என்று திறந்து பார்த்தே வாங்க வேண்டும். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டியை, நன்னீருக்கு ஏற்ற மக்னீசியக் கட்டியாக மாற்றுவதும் அவசியம். உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் கேட்டாக வேண்டும்: நூறாண்டு கடந்த எவின்ரூட் மோட்டாரின் தயாரிப்பே 2020-இல் நின்றுபோனது.

சவாரிப் படகுகள் அனைத்தும் மின்சாரத்துக்கு மாறினாலும், மீட்புப் படகு ஒன்றில் ஜெட் மாற்றிய ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார் இருக்கட்டும். மேகம் இறங்கிக் காற்று திரும்பும் மாலையில், பேட்டரி இறங்கிய படகையும் அதிலிருக்கும் குழந்தைகளையும் கரைக்கு இழுத்துவர அது வேண்டும். அதில் இழுவைக் கயிறு, மாற்று ஸ்பார்க் பிளக், உயிர்காப்பு உடைகளோடு இரண்டு துடுப்புகளும் எப்போதும் இருக்க வேண்டும்.