1937-ம் வருஷத்துத் தேர்தலும் குடியானவர் கடனும்

சட்டசபைத் தேர்தல் முடிந்து அதிகாரம் ஒரு கட்சியின் கையினின்று மற்றொரு கட்சியின் கைக்கு மாறும்பொழுது, கிராமவாசிகள் உள்ளத்தில் முதன்முதலாக எழும் கேள்வி தத்தம் பாக்கி என்னவாகும் என்பதேயாகும். கிஸ்தி குறையுமா, கடன் தள்ளுபடியாகுமா என்று சாவடியில் கூடிப் பேசுவார்கள். இதற்குச் சென்னை மாகாணத்தில் 1937-ம் வருஷத்தில் நிகழ்ந்ததைப் போன்ற தெளிவான உதாரணம் வேறு அகப்படுவது அரிது. ஆகையால் அதனைச் சற்று விரிவாக எடுத்துரைப்போம்.

1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி மாகாண சுயாட்சி ஏற்பட்டு, 1937 பிப்ரவரி மாதத்தில் தேர்தல் நடைபெற்றது. அதற்குமுன் 1920 முதல் பெரும்பகுதிக் காலம் ஜஸ்டிஸ் கட்சியாரே மந்திரி பதவிகளை வகித்து வந்தனர். எழுத்தறியாத வாக்காளரும் தம் கருத்தைத் தெரிவிக்கும் பொருட்டுக் கட்சிக்கு ஒரு நிறமாகப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. கீழ்ச் சபையின் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. அதுவரை பிரதம மந்திரியாயிருந்த பொப்பிலி ராஜா, தம் சொந்த ஊர்த் தொகுதியிலேயே ஸ்ரீ வி. வி. கிரியிடம் தோல்வியுற்றார்.

வாக்குரிமை எல்லோருக்கும் இருந்ததாக எண்ணலாகாது. வரி செலுத்துவோர், எழுதப் படிக்கத் தெரிந்தோர் முதலிய சிலருக்கே அது உண்டு. பட்டா நிலமில்லாத பண்ணையாள் பெட்டியண்டை செல்லவே இயலாது. எனினும் நம்பிக்கை கொள்வதற்குப் பட்டா தேவையில்லை அல்லவா?

ஜனங்கள் பிப்ரவரியில் வாக்களித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த கட்சி பதவி ஏற்றதோ ஜூலை மாதம் 14-ம் தேதியில்தான். கவர்னரின் விசேஷ அதிகாரங்கள் தினசரி நிர்வாகத்தில் தலையிடா என்னும் உறுதி வேண்டுமென்று காங்கிரஸார் பதவியேற்காது நின்றமையே அதற்குக் காரணம். இடைக்காலத்தில் ஸர் கே. வி. ரெட்டி நாயுடு தலைமையில் ஒரு மந்திரி சபை இருந்தது. அதற்குச் சபையில் பெரும்பான்மைப் பலம் இல்லை. பெட்டியை நிரப்பியும் மந்திரிகள் வரவில்லையே என்று சாதாரண மனிதன் திகைத்தானென்றால் அவனைக் குறை கூறுவதற்கில்லை. பிறகு ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியானார்.

எதிர்பார்ப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததன் காரணம் கடனே. 1929-க்குப் பின் விலைவாசி வீழ்ந்து, நெல் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கடனும் வட்டியும் ரூபாய்க் கணக்கில் அப்படியே நின்றன. பத்து மூட்டை விற்றுத் தீர்க்க வேண்டிய கடனுக்கு இருபது மூட்டை விற்க வேண்டியதாயிற்று. மாகாணத்து விவசாயக் கடன் சுமார் 200 கோடி ரூபாய் இருக்கலாமென்று 1935-ல் ஸ்ரீ சத்தியநாதன் தமது அறிக்கையில் மதிப்பிட்டார். முந்திய மந்திரி சபையும் வாளாவிருக்கவில்லை. 1936-ம் வருஷத்துக் கடன் சமரசச் சட்டம் அக்காலத்தில் பிறந்ததே. ஆனால் சமரசம் என்பது இரு தரப்பாரும் இசைந்தால் நடப்பது. லேவாதேவிக்காரர் இசையாவிடில் குடியானவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவார்.

புதிய சபை இயற்றிய சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் 1938-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ம் தேதி அமுலுக்கு வந்தது. 'கடன்களெல்லாம் ரத்தாகிவிட்டன' என்று பேசிக்கொள்வது எளிது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1932 அக்டோபர் 1-ம் தேதிக்கு முன் வாங்கிய கடனாயின், 1937 அக்டோபர் 1-ம் தேதியில் நின்ற வட்டி பாக்கி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். அசலும் வட்டியுமாக அசலைப்போல் இரு மடங்கு ஏற்கனவே செலுத்தியிருந்தால் அசலும் தீர்ந்தது. இரு மடங்குக்குக் குறைவாகச் செலுத்தியிருந்தால், அந்தக் குறைவு அல்லது நிற்கும் அசல், இவ்விரண்டில் எது சிறிதோ அதை மட்டும் கொடுத்தால் போதும்.

இதனைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒருவர் 1925 அக்டோபரில் ரூ. 100 கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்கு வருஷம் ரூ. 18. பன்னிரண்டு வருஷத்தில் வட்டி ரூ. 216 ஆகிறது. அவர் சிறுகச் சிறுக ரூ. 150 கட்டியிருக்கிறார். பத்திரத்தின்படி அவர் இன்னும் ரூ. 66 வட்டியும் ரூ. 100 அசலுமாக ரூ. 166 கொடுக்க வேண்டும். சட்டத்தின்படியோ, இரு மடங்காகிய ரூ. 200-க்குக் குறைவது ரூ. 50, ஆகவே அவ்வளவே அவர் கடன். ரூ. 166 ரூ. 50 ஆகிறது. சொல்லத்தகுந்த நிவாரணமே, ஆயினும் ரத்து அன்று. அவர் ஐம்பது ரூபாயைத் தேடியே ஆக வேண்டும்.

1932 அக்டோபருக்குப் பின் வாங்கிய கடனுக்கு நிவாரணம் இன்னும் குறைவு. அதற்குச் சட்டம் அமுலான தேதிவரை நூற்றுக்கு 5 வீதம் வட்டி கணக்கிடப்பட்டது. அதன்பின் விவசாயி செலுத்த வேண்டிய வட்டிக்கு 6¼ வீதம் உச்சவரம்பாக ஏற்பட்டது. பழைய நோட்டைப் புதுப்பித்து வட்டியை அசலோடு சேர்த்து எழுதியிருந்தாலும் முதன்முதல் கைமாறிய தொகையையே அசலாகப் பார்க்க வேண்டுமென்று சட்டம் விளக்கியிருந்தது. கிராமத்துப் பத்திரங்களை அறிந்தவர்களுக்கு இவ்விளக்கத்தின் அருமை தெரியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காலாவதிக்குப் பயந்து நோட்டு மாற்றி எழுதுவது எங்கும் உள்ள வழக்கம்; ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பருத்துக்கொண்டே போகும்.

கடன் கொடுத்தவர்களெல்லோரும் பெரும் லேவாதேவிக்காரர்களல்லர். வேறு சொத்து இல்லாத ஸ்திரீ ஒருத்தி, தன் நகையை விற்ற பணத்தை அண்டை வீட்டாருக்கு வட்டிக்குக் கொடுத்துக் காலங்கழித்து வந்திருக்கலாம். அத்தகையவருக்கு வரவேண்டிய அசல் ரூ. 3,000-க்கு மேற்படாதிருந்தால் அக்கடனைச் சட்டம் தொடவில்லை. மறுபுறம், வருமான வரி கட்டுகிறவர் நிலம் வைத்திருந்தாலும் இச்சட்டத்தின் பொருட்டு விவசாயியாகக் கருதப்படவில்லை.

நமது சங்கங்களைப் பற்றிய விஷயத்திலேதான் மயக்கம் பெரிது. கூட்டுறவு சங்கங்களுக்கும் நில அடமான பாங்குகளுக்கும் வரவேண்டிய தொகை எதுவும் இச்சட்டத்தால் குறைக்கப்படவில்லை. வெளியாரிடம் பட்ட கடனில் வட்டி தள்ளுபடியாயிருக்கச் சங்கக் கடனுக்கு மட்டும் முழு வட்டி கேட்பது நியாயமா என்று ஓர் அங்கத்தினர் வினவுவாராயின், அவ்வினா இயற்கையானதே. ஏழைகளுக்காக ஏற்பட்ட ஸ்தாபனம் சர்க்காருடையது, ஆகவே சர்க்கார் மாறினால் பாக்கியும் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். அவரிடம் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டுவதால் பயனில்லை. சங்கத்தின் பேரேட்டை விரித்துக் காட்டவேண்டும். சங்கம் அவருக்குக் கொடுத்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி அங்கத்தினர்களின் பங்குப் பணம். ஒரு பகுதி ஊராரின் டிப்பாசிட்டு. எஞ்சியது ஜில்லா மத்திய பாங்கியில் சங்கம் வாங்கிய கடன். அந்தப் பாங்கிப் பணமும் பிறர் போட்டுவைத்த டிப்பாசிட்டேயாகும். இதில் தள்ளுபடி செய்தால் நஷ்டப்படுபவர் டிப்பாசிட்டு வைத்த பள்ளிக்கூட உபாத்தியாயரும், பெண்ணின் கலியாணத்துக்காகச் சேமித்துவந்த குடியானவருமே.

இவ்வாறு கூறுவதனால் சங்கங்கள் குற்றமற்றவை என்று நான் வாதிப்பதாக எண்ணற்க. விலை வீழ்ந்த வருஷங்களில் சங்கக் கடனாளியும் மற்றவரைப் போலவே துன்புற்றான். விளைச்சல் பொய்த்த காலத்தில் தவணை மாற்றிக் கொடுக்காமல் நிறைவேற்று மனுப் போட்ட பஞ்சாயத்தார் இருந்தால், அவர்கள் மீது அங்கத்தினர் கொண்ட கோபத்துக்குக் காரணம் உண்டு. சட்டம் குறைக்காவிடினும் தவணையைப் பருவத்துக்குத் தக்கபடி அமைக்கும் வழி சங்கத்துக்கு இருந்தது. பஞ்சாயத்தார் அதைக் கையாளாவிடில், அதன் குறை சட்டசபையைச் சேராது. மேலும், லேவாதேவிக்காரர் சட்டத்துக்கு அஞ்சிக் கையை மூடிக்கொண்டால் விதைப்புச் செலவுக்குக் குடியானவர் எங்கே போவார்? அப்பொழுது சங்கத்தின் வாயிலே திறந்திருக்க வேண்டும். பாக்கி வசூலாகாத சங்கத்தால் அது முடியாது.

அம்மந்திரி சபையின் மற்றச் செயல்களை ஜனங்கள் ஒரே விதமாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பமாயிற்று. கள்ளுக்கடையால் வருந்திய வீடுகளில் அது மகிழ்ச்சி தந்ததென்பதில் ஐயமில்லை, கள்ளிறக்கிப் பிழைத்தோர்க்குத் தொழில் போயிற்று. கலால் வருமானம் குறைந்ததை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1938-ல் சில உயர்தரப் பாடசாலைகளில் ஹிந்தி கட்டாய பாடமாக்கப்பட்டபொழுது, தமிழ் ஜில்லாக்களில் பெருங் கிளர்ச்சி மூண்டு, ஸ்திரீகள் உட்படப் பலர் சிறை சென்றனர். 1940 பிப்ரவரியில் அவ்வுத்தரவு ரத்தாயிற்று. மஞ்சள் பெட்டியில் சீட்டுப் போட்டவர்களிலும் இக்கிளர்ச்சியை ஆதரித்தோர் இருந்திருப்பர். ஒரு முறை வாக்களித்ததனால் எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாக அவர்கள் கருதவில்லை போலும்.

யுத்தம் மூண்டதும், 1939 அக்டோபரில் மந்திரி சபை ராஜீநாமாச் செய்தது. அதன்பின் 1946 வரை கவர்னர் ஆட்சியே நடந்தது. மந்திரிகள் போய்விட்டபடியால் கடன் சட்டமும் போய்விட்டது என்று எவரேனும் குடியானவரிடம் கூறியிருந்தால் அது பிழை. சபை இயற்றிய சட்டம், அதை இயற்றியவர்கள் பதவியிலிருந்தாலும் இல்லாவிட்டாலும், முறைப்படி நீக்கப்படும்வரை நிற்கும். இச்சட்டம் செல்லுமா என்னும் வழக்கு பெடரல் கோர்ட்டு வரை சென்றது. பிராமிசரி நோட்டு சம்பந்தமாகச் சட்டமியற்ற மாகாண சபைக்கு அதிகாரமில்லை என்பது கடன் கொடுத்தவர் வாதம். நோட்டுக் கடன் ஏற்கனவே டிக்கிரியாக மாறிவிட்டிருந்தால் அதைக் குறைக்கச் சட்டம் செல்லும் என்று 1940-ல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆனால் டிக்கிரிக் கடன் தானாகக் குறைந்துவிடாது. கடன்பட்டவர், டிக்கிரி கொடுத்த கோர்ட்டிலேயே மனுச் செய்துகொள்ள வேண்டும்; செலுத்திய தொகைகளுக்கு ரசீதுகளைக் கொண்டுவந்து காட்டவும் வேண்டும். ரசீதை எரவாணத்தில் சொருகிவைத்துக் கரையானுக்குக் கொடுத்தவர்கள், ரூ. 150 கட்டியிருந்தும் கட்டாதவர்களைப் போலவே நிற்க நேரிடும்.