தொடர்கதைத் தொகுதிகளும் இழந்த அட்டைப் படங்களும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காஞ்சியும் மாமல்லபுரமும் களமாக அமைந்த 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. மாமல்லபுரக் கடற்கரையிலேயே அக்கதை தம் உள்ளத்தில் உருப்பெற்றதாக ஆசிரியர் கல்கி குறித்துள்ளார். இத்தகைய தொடர்களை வாசகர் இதழ்தோறும் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து காத்தனர். 'பொன்னியின் செல்வ'னுக்கு (1950-54) ஓவியர் மணியம் வரைந்த படங்களும் இவ்வாறே பல இல்லங்களில் எஞ்சின.

ஆயின் கதைப் பக்கங்கள் நீங்கியபின் வண்ண அட்டையும் விளம்பரமும் துணுக்கும் பழந்தாளாய்க் கழிந்தன. சில தொகுதிகளில் இதழின் நாளும் புலப்படுவதில்லை. கதையோ பன்முறை பதிப்பிக்கப்பெற்று இன்று எளிதிற் கிடைக்கின்றது. அட்டையோடு கூடிய முழு இதழே அரிது. அரும்பொருள் திரட்டுவோர் பெரிதும் நாடுவதும் அதனையே. எப்படம் எந்நாளில், எவ்விளம்பரத்தினருகே வந்தது என்பதை ஆய்வாளர் அறிதற்கும் முழு இதழன்றி வேறு வழியில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களும் இதழ்களும் இத்துறைக்குப் பெருந்துணை. அவர் மறைவுக்குப் பின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994 முதல் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. செங்கற்பட்டுப் பகுதி இல்லங்களில் எஞ்சிய பைண்டுத் தொகுதிகள் எடைக்குப் போகுமுன் நோக்கத்தக்கன. முதல் இதழின் அட்டை உள்ளே ஒட்டப்பெற்றிருத்தலும் சிலவற்றில் உண்டு.