புளிப்பு – 14: எலுமிச்சை இல்லாத சமையலறை

போன வாரம் மோதெனாவின் வினிகர் பீப்பாய்களோடு நிறுத்தியிருந்தேன். புளிப்பில்லாமல் எந்த ஊர்ச் சமையலும் எழுந்து நிற்காது என்பது இந்தத் தொடரின் கட்சி; தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் டென்மார்க்கின் ஊறல் ஜாடிகளைத் திறப்பதாகச் சொல்லியிருந்தேன். திறக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் ஓர் எறும்பு வந்து பக்கத்தை எடுத்துக்கொண்டது.

கோபன்ஹேகனில் ஒரு சிறிய உணவகம். நார்டிக் டேஸ்டிங் மெனு என்றால் நாம் எதையும் கேட்டு வாங்குவதில்லை. அன்றைக்கு என்ன, எந்த வரிசையில் என்பதைச் சமையல்காரர் முடிவு செய்துவிடுவார். இரண்டு வாய், மூன்று வாய் அளவில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஏழாவதாக வந்தது குளிரவைத்த ஒரு மண்தட்டு. அதில் முட்டைக்கோஸின் உள்குருத்து ஒன்று, அதன் மேல் ஒரு கரண்டி புளித்த பாலேடு, பாலேட்டின் மேல் கறுப்பாக ஒன்பது புள்ளிகள். மிளகு என்று நினைத்துக் குனிந்தேன். கால்கள் தெரிந்தன.

உடன் வந்தவர் ஹெர்னிங்கில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பர். "அண்ணா, முதல்ல ஒண்டை மட்டும் தனியா எடுத்துக் கடிச்சுப் பாருங்கோ" என்றார். முன்பல்லில் வைத்துக் கடித்தேன். எள் உடைகிற சத்தம். அடுத்த நொடி, எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் மூக்கில் ஏறுமே, அந்த மணமும் கூரான ஒரு புளிப்பும். நாக்கின் ஓரங்கள் சுருங்கின. பிறகு குருத்தையும் பாலேட்டையும் சேர்த்து வாயில் போட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தால் எதைச் செய்திருக்குமோ, அதை மிச்சமிருந்த எட்டுப் புள்ளிகளும் செய்தன. நண்பர் சாப்பிட்டுவிட்டுக் கையை முகர்ந்தார். "சின்னனில மாங்காய் பிடுங்க மரத்தில ஏறேக்க முசுறு கடிக்குமெல்லோ, அதை நசுக்கின கையில வாற மணம் இது."

எலுமிச்சைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2003-இல் கோபன்ஹேகனின் கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் பகுதியில், முன்பு கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகளின் சரக்கு வந்திறங்கிய பழைய கிடங்கு ஒன்றில் நோமா உணவகத்தைத் தொடங்கினார்கள் கிளவுஸ் மேயரும் ரெனே ரெட்செபியும். நோர்டிஸ்க் (வடதேசத்து), மாட் (சாப்பாடு) என்ற இரண்டு டேனிஷ் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது நோமா. அதுவரை அந்த ஊரில் உயர்ந்த சாப்பாடு என்றால் பிரெஞ்சுச் சாப்பாடுதான். மறு ஆண்டு, 2004-இல், மேயரின் முயற்சியில் 12 சமையல்காரர்கள் கூடிப் பத்து அம்ச அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். தூய்மை, புதுமை, எளிமை, நேர்மை. பருவத்தில் விளைவதைப் பருவத்தில் சமைப்பது. அந்த மண்ணுக்கும் நீருக்கும் உரியதை முன்னிறுத்துவது. வெளியூர்ப் பொருளை அந்த அறிக்கை தடை செய்யவில்லை. நோமாவின் சமையலறைதான் தன்னை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. ஆலிவ் எண்ணெய்க்கும் தக்காளிக்கும் எலுமிச்சைக்கும் வாசலோடு சரி.

எண்ணெய்க்கு மாற்று கிடைக்கும், வெண்ணெய் இருக்கிறது. புளிப்புக்கு? அங்கே எலுமிச்சை மரம் குளிர்காலத்தைத் தாங்காது. ஆகவே கையில் கூடையோடு காட்டுக்கும் கடற்கரைக்கும் போனார்கள். மணல்மேட்டு முட்புதர்களில் ஆரஞ்சு நிறத்தில் அடையாகக் காய்க்கும் ஹவ்டோர்ன் பழம் கிடைத்தது. பறித்தால் நசுங்கிவிடும் என்பதால் கிளையோடு வெட்டி உறையவைத்து உதிர்ப்பார்கள். ருபார்ப் தண்டு, பழுக்காத கொடிமுந்திரி, மோர்த்தெளிவு என்று பட்டியல் நீண்டது. காட்டுத் தரையில் மூன்று இதயங்களை ஒட்டவைத்தது போன்ற இலையோடு ஒரு பூண்டு. டேனிஷில் அதற்கு ஸ்கோவ்சூரே என்று பெயர். ஸ்கோவ் என்றால் காடு, சூரே என்றால் புளிப்பு, அமிலம். அந்த இலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் வரப்போரத்துப் புளியாரைக்கு உடன்பிறந்தது அது. இரண்டும் ஆக்ஸாலிஸ் இனம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிக்காரர்கள் அதே இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, அதே சொல்லால் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தேடலில் அகப்பட்டதுதான் எறும்பு. காட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. கடித்துவிட்டு, வயிற்று நுனியை வளைத்து அமிலத்தைப் பீய்ச்சும். ஃபார்மிக் அமிலம் என்ற பெயரே லத்தீன் மொழியில் எறும்பைக் குறிக்கும் ஃபார்மிகாவிலிருந்து வந்தது. டேனிஷில் மூரேசூரே, நேராகவே எறும்புப் புளிப்பு. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே, எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்த இந்த அமிலத்தைப் பற்றி 1671-இல் எழுதினார். ஆய்வுக்கூடம் வேண்டாம், கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஐரோப்பியக் காடுகளில் ஊசியிலைகளைக் குவித்துக் கட்டிய எறும்புப் புற்றின் மேல் நீலப் பூ ஒன்றைப் பிடித்தால் எறும்புகள் சீறிப் பீய்ச்சும்; அமிலம் பட்ட இடமெல்லாம் இதழ் இளஞ்சிவப்பாகிவிடும்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் பூத்த சங்குப்பூ நாலைப் பறித்து வெந்நீரில் போட்டேன். நீர் கருநீலம். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் ஊதா ஒரு நூலாக இறங்கிப் பரவியது. ஐந்தாறு சொட்டில் டம்ளர் முழுவதும் ரோஜா நிறம். வெவ்வேறு பூ, வெவ்வேறு புளிப்பு. நிறம் மாறும் கணக்கு மட்டும் ஒன்றுதான். எலுமிச்சையும் எறும்பும் ஒரே வேலைக்கு வந்த இரண்டு ஆட்கள் என்பதை என் சமையல் மேடையிலேயே பார்த்துவிட்டேன்.

எறும்பின் புளிப்பு அந்த அமிலத்திலிருந்து வருகிறது, எலுமிச்சை மணம் எறும்பு உடம்பின் வேறு வாசனைப் பொருள்களிலிருந்து. எறும்புக்கு எறும்பு அது மாறும். இரண்டுமே சூட்டில் பறந்துபோகக் கூடியவை. என் தட்டைக் குளிரவைத்துக் கொடுத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நோமா 2012-இல் லண்டனின் கிளாரிட்ஜஸ் ஓட்டலில் சில நாள் கடை விரித்தபோது எறும்பு உயிரோடு தட்டில் ஊர்ந்தது. 2015-இல் டோக்கியோவுக்குப் போனபோது நகானோ காட்டு எறும்புகளைப் பச்சை இறாலின் மேல் வைத்தார்கள். பிரேசிலில் சமையல்காரர் ஆலெக்ஸ் அட்டாலா அமேசான் எறும்பு ஒன்றை அன்னாசித் துண்டின் மேல் உட்காரவைத்தார்.

இதையெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒடிசாவின் மயூர்பஞ்சில் பழங்குடி மக்கள் சிவப்பு முசுறை இடித்துச் செய்யும் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. கோபன்ஹேகனில் அது ஏழாவது தட்டு. காசு வேறு, மேசை வேறு. நாக்கு தேடியது ஒன்றைத்தான். எலுமிச்சையை வெளியே நிறுத்தியதால் அந்தச் சமையல்காரர்கள் ஏழையாகவில்லை. காலடியில் எத்தனை புளிப்பு கிடந்தது என்பது வெளியே நிறுத்திய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இந்தத் தொடரில் நான் சொல்ல வந்ததும் அதுவே: புளிப்பு விளையாத ஊர் கிடையாது, குனிந்து பார்க்காத ஊர் இருக்கலாம்.

ஜாடிகள் அப்படியே இருக்கின்றன. கோடையில் கிடைத்த புளிப்பைப் பனிக்காலத்துக்கு எப்படிக் கடத்துவது? அதற்கு அவர்கள் கண்ட வழி உப்பு. பிளம் பழத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு, அதற்கு மேல் காலம் பார்த்துக்கொள்ளும். அன்று பதினொன்றாவது தட்டில் அப்படி ஊறிய பிளம் துண்டு ஒன்று வந்தது. வாயில் போட்டதும் எங்கள் வீட்டு ஊறுகாய்ப் பரணி நினைவுக்கு வந்தது. அந்தப் பரணியின் மூடியை அடுத்த வாரம் கட்டாயம் திறக்கிறேன்.

(தொடரும்)